வயிறு சுருங்கிடும்... வாய் சுருங்குமா? எடை குறைப்பு ஆபரேஷனுக்கு பிறகுதான் ஆரம்பிக்கிறது உண்மையான போராட்டம்!

சென்னை:

‘குண்டு உடம்பா? கவலையை விடுங்க. ஒரே ஒரு ஆபரேஷன், அப்புறம் பாருங்க!’ - இந்த மாதிரி விளம்பரத்தை பார்க்காதவர்கள் இன்று குறைவு. செல்போனை திறந்தால் அதுதான் வருகிறது. ஆபரேஷனுக்கு முன் ஒரு போட்டோ, பின் ஒரு போட்டோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து காட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு காலத்தில் இது பணக்காரர்கள் சமாச்சாரமாக இருந்தது. இப்போது நகையை அடகு வைத்தும், இன்சூரன்சை நம்பியும் சாதாரண குடும்பத்துக்காரர்களும் போகிறார்கள். அதில் தப்பில்லை. மூட்டுவலி, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு திணறல் என்று அவதிப்படுகிறவர்களுக்கு இந்த ஆபரேஷன் மறுவாழ்வு கொடுத்திருப்பது உண்மை.

ஆனால் அந்த இரண்டு போட்டோவுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன சாப்பிடுவது, எப்படி சாப்பிடுவது, எப்போது வேலைக்கு போவது? விளம்பரத்தில் இது வருவதில்லை. ஆனால் ஆபரேஷன் ஜெயிக்குமா, தோற்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

10-ல் 4 பெண்களுக்கு பிரச்சினை

மத்திய அரசின் தேசிய குடும்ப நல ஆய்வு 2015-16-ல் நடந்தபோது, தமிழ்நாட்டில் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்த பெண்கள் 30.9 சதவீதம். 2019-21 ஆய்வில் அது 40.4 சதவீதம் ஆகிவிட்டது. ஆண்கள் 28.2 சதவீதத்தில் இருந்து 37 சதவீதம் ஆனார்கள்.

இது ஏ.சி. காரில் போகிறவர்கள் கணக்கு மட்டும் அல்ல. நாள் முழுக்க தையல் மிஷின் முன் உட்காருகிறவர், ஸ்டியரிங் பிடிக்கிறவர், ஜவுளிக்கடை கேஷ் கவுண்ட்டரில் இருக்கிறவர் எல்லோரும் இந்த கணக்கில்தான் வருகிறார்கள். உட்கார்ந்த வேலை, நேரம் கெட்ட நேரத்தில் பரோட்டா, நடுவில் நாலு டீ. உடம்பு வேறு என்ன செய்யும்?

2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு ஆபரேஷனுக்கு வந்த புதுச்சேரி வாலிபர் இறந்துபோனது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அரசு விசாரணைக்கும் உத்தரவிட்டது. அதில் இருந்து ‘ஆபரேஷன் டேபிளில் உயிர் போகுமா?’ என்ற பயம்தான் எல்லோருக்கும். அந்த பயம் நியாயம்தான். அனுபவம் உள்ள இடத்தில், சரியான பரிசோதனைகளோடு செய்தால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் டேபிளில் இருந்து எழுந்து வந்த பிறகு வருடக்கணக்கில் இருக்கிற ஆபத்தை யாரும் பேசுவதில்லை.

டீ கிளாஸ் அளவு வயிறு

இந்த ஆபரேஷனில் முக்கியமாக 2 வகை உண்டு. ஒன்று ‘ஸ்லீவ்’. இரைப்பையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக தைத்துவிடுவார்கள். டீக்கடை கிளாஸ் அளவுக்குத்தான் இனி வயிறு. பசியை தூண்டும் ஒரு ஹார்மோன் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியும் குறைகிறது.

இன்னொன்று ‘பைபாஸ்’. அமெரிக்க டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கி வைத்த முறையில் இருந்து வளர்ந்தது. இரைப்பையின் மேல் பகுதியில் சின்னதாக ஒரு பை மாதிரி பிரித்து, அதை நேராக சிறுகுடலில் இணைத்துவிடுவார்கள். சாப்பிடும் அளவும் குறையும், சத்து உறிஞ்சுவதும் குறையும்.

இதற்கு பிறகு முதல் 2 வாரம் வெறும் தண்ணீர் ஆகாரம். வடிகட்டிய பருப்பு தண்ணீர், ரசம், மோர், சர்க்கரை இல்லாத பால். அடுத்து கொஞ்ச நாள் மிக்சியில் அடித்த கூழ் பதம். பிறகு குழைந்த சாதம், இட்லி, வேகவைத்த முட்டை, மீன். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத்தான் வீட்டு சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாட்கள் கொஞ்சம் மாறும். உங்கள் டாக்டர் சொன்னதுதான் கணக்கு.

இதை எல்லோரும் ஒழுங்காக செய்துவிடுகிறார்கள். ஏனென்றால் பயம் இருக்கிறது, வலி இருக்கிறது. சிக்கல் வருவது அதற்கு பிறகு, வேலைக்கு திரும்பும்போதுதான்.

ஒரு ஆட்டோ டிரைவரின் ஒரு நாள்

கோயம்பேட்டில் ஒரு ஆட்டோ டிரைவர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டதாக வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு வண்டியை எடுக்கிறார். ஸ்டாண்டில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. 9 மணிக்கு சவாரி வந்துவிட்டதால் 5 நிமிடத்தில் 2 இட்லியை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மடக்கென்று குடிக்கிறார்.

அவ்வளவுதான், நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைக்கும். வாந்தி வரும். வண்டியை ஓரம் கட்டவேண்டியதுதான்.

ஏன் என்றால், இந்த வயிற்றுக்கு புது சட்டம். ஒரு வாய் உணவை 20 தடவையாவது மெல்ல வேண்டும். ஒரு வேளை சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆக வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். அதையும் மடக் மடக் என்று குடிக்க முடியாது. வாய் வாயாக, நாள் முழுக்க குடித்து ஒன்றரை முதல் 2 லிட்டர் சேர்க்க வேண்டும். கத்திரி வெயிலில் ஆட்டோ ஓட்டுகிறவர் இதை மறந்தால் மயக்கம்தான்.

வாந்திக்கு பயந்து அவர் என்ன செய்வார்? சுலபமாக இறங்குகிற பொருளுக்கு மாறுவார். டீயில் நனைத்த பிஸ்கட், பன், ஐஸ்கிரீம், ஜூஸ், மிக்சர். இதெல்லாம் நெஞ்சில் நிற்காது. வயிறு சின்னதாக இருந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். ‘ரெண்டு இட்லிக்கு மேல இறங்க மாட்டேங்குது சார், ஆனா வெயிட் ஏறுது’ என்று சொன்னால் காரணம் இதுதான். நாளைக்கு 6 டீ, டீக்கு 4 பிஸ்கட் என்று கணக்கு போட்டுப் பாருங்கள், புரியும்.

பைபாஸ் செய்துகொண்டவர் இனிப்பு சாப்பிட்டால் வேறு ஒரு தொல்லை. தீபாவளிக்கு ஒரு மைசூர்பாகை முழுதாக சாப்பிட்டால், அரை மணி நேரத்தில் வேர்த்து கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றை கலக்கிவிடும். இதை ‘டம்பிங்’ என்பார்கள் டாக்டர்கள்.

சரி, அந்த டிரைவர் எப்படி பிழைப்பது? காலையில் கிளம்பும்போதே ஒரு டப்பாவில் 2 அவித்த முட்டை, இன்னொரு டப்பாவில் சுண்டல். ஸ்டாண்டில் நிற்கிற நேரத்தை சாப்பாட்டு நேரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். டீயில் சர்க்கரை வேண்டாம். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். சவாரி வந்தால் டப்பாவை மூடிவிட்டு போகலாம், அள்ளி விழுங்கிவிட்டு போகக்கூடாது.

முதலில் கறி, கடைசியில் சாதம்

நம் ஊர் தட்டில் சாதம் மலை மாதிரி, பருப்பு குளம் மாதிரி, முட்டை ஓரத்தில். இனி இது தலைகீழாக வேண்டும். ஆபரேஷன் செய்தவருக்கு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். ஆளுக்கு தகுந்தபடி 80 கிராம் வரைகூட சொல்வார்கள். இட்லி 2 சாப்பிட்டால் அதில் 4 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும்.

இந்த 60 கிராம் டப்பா டப்பாவாக விற்கிற புரோட்டீன் பவுடரில்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு பவுடர் தேவைப்படலாம். பிறகு நம் சமையலறையிலேயே இருக்கிறது. முட்டை 2-ல் 12 கிராம். பால் அல்லது மோராக்கிய தயிர் 400 மில்லியில் 13 கிராம். மத்தி, அயிலை மாதிரி மீன் 100 கிராமில் 20 கிராம் அளவுக்கு. ஒரு கப் கெட்டி பருப்பில் 8, 9 கிராம். ஒரு கைப்பிடிக்கு மேல் சுண்டலில் 8 கிராம். கூட்டிப்பாருங்கள், 60 தாண்டிவிடும். இதை 5 வேளையாக பிரித்து சாப்பிட வேண்டும்.

ரேஷனில் 30 ரூபாய்க்கு கிடைக்கிற துவரம்பருப்பை தண்ணி சாம்பாராக விடாமல் கெட்டியாக கடைந்தால் பாதி கவலை தீர்ந்தது. அதே ரேஷனில் வருகிற பாமாயிலில் வடை போட்டால், வந்த லாபம் போய்விடும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘என்னப்பா இவ்வளவுதான் சாப்பிடுறே? இன்னும் ஒரு இட்லி வெச்சுக்கோ, உடம்பு என்னத்துக்கு ஆகும்?’ என்று அம்மா சொல்வது பாசம்தான். ஆனால் அந்த ஒரு இட்லிதான் வாந்தியாக வெளியே வரும். கல்யாண பந்தியில் ‘சாப்பிடவே இல்லையே’ என்று இலையில் இன்னொரு கரண்டி போடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து

எடை குறைந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், சத்து மாத்திரையை நிறுத்துவது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக குறையும். குறைவது வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள்கூட ஆகும். பிறகு ரத்தசோகை, கால் மரத்துப்போவது, எலும்பு தேய்வது என்று ஒவ்வொன்றாக வரும். மாத்திரையும், வருடாவருடம் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் உண்டு.

4-வது, 5-வது மாதத்தில் முடி கொட்டினால் பெண்கள் பயந்துவிடுகிறார்கள். எடை வேகமாக குறையும்போது இது சகஜம். புரதமும் சத்தும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மறுபடி வளரும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் விடாமல் வாந்தி எடுத்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டிரண்டாக தெரிந்தால் வீட்டில் இருக்கக்கூடாது. வைட்டமின் பி1 தீர்ந்துபோனதன் அடையாளம் அது. மூளையையே பாதித்துவிடும். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் போடுவதற்கு முன் ‘எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கு, பி1 ஊசி போடணுமா டாக்டர்?’ என்று கேட்டே ஆக வேண்டும். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை மளமளவென்று இறங்கலாம். பழைய அளவிலேயே மாத்திரையும் இன்சுலினும் போட்டால் ‘லோ சுகர்’ ஆகி மயங்கி விழ நேரிடும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்து பழகியவர்கள் பலர். ஆபரேஷன் செய்ததை அந்த சுகாதார பணியாளரிடம் முதலில் சொல்லுங்கள். டாக்டரை பார்த்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

உடம்பு வலிக்குது என்று மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடுகிற டைக்ளோபினாக், புரூபென் மாதிரி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். முக்கியமாக பைபாஸ் செய்தவருக்கு தையல் போட்ட இடத்தில் புண் வரும். பீடி, சிகரெட்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஒரு கட்டிங்கே ஓவராகும்

ஆண்கள் கவனிக்க வேண்டியது இது. இந்த வயிற்றில் மது போனால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். முன்பு குவார்ட்டர் அடித்து நிதானமாக நின்றவர், இப்போது ஒரு கட்டிங்கிலேயே தள்ளாடுவார். அதோடு விடுவதில்லை. சாப்பாட்டில் கிடைத்த சுகம் போனதும் அந்த இடத்தை குடி பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆபரேஷனுக்கு பிறகு வருடங்கள் போகப்போக சிலர் குடிக்கு அடிமையாவது அமெரிக்க ஆய்வில் தெரியவந்திருக்கிறது. மதுவில் கலோரியும் அதிகம். சோடா, கலர் பானங்களும் கூடாது.

தண்ணி கேன் தூக்காதீங்க!

உடற்பயிற்சி என்றதும் ஜிம்முக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். ஆபரேஷன் நடந்த அன்றோ, மறுநாளோ ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே நடக்க வைத்துவிடுவார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். வீட்டுக்கு வந்ததும் 10 நிமிடம், 10 நிமிடமாக நடந்து, பிறகு நாளைக்கு அரை மணி நேரம் என்று கொண்டு போகலாம். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்பது குறைந்தபட்ச கணக்கு.

அதேசமயம் முதல் 4 முதல் 6 வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது. 20 லிட்டர் தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், தண்ணீர் குடம் எல்லாம் தடை. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டிட வேலை செய்கிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். ஒன்றரை மாத கூலி போகும். அதற்கும் சேர்த்து பணம் இருக்கிறதா?

பிறகு தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரையாது, தசையும் கரையும். டாக்டர் சரி என்று சொன்னதும் வாரத்துக்கு 2, 3 நாள், நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரை கையால் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை கையில் பிடித்து தூக்கி இறக்குவது போதும். செலவு பூஜ்யம். ‘நான் வேலையிலேயே நடக்குறேனே’ என்று கடைக்குள் 10 அடி நடப்பதை கணக்கில் சேர்க்காதீர்கள்.

10 வருடம் கழித்து என்ன ஆகும்?

சுவீடன் நாட்டில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வருடக்கணக்கில் கவனித்தார்கள். 2007-ல் வெளியான முடிவு இது. பைபாஸ் செய்தவர்கள் முதல் 1, 2 வருடத்தில் எடையில் 32 சதவீதம் குறைந்தார்கள். 10 வருடம் கழித்து பார்த்தபோது அது 25 சதவீதமாக நின்றது. அதாவது 120 கிலோ ஆள் 82 கிலோ ஆகி, பிறகு 90 கிலோவுக்கு வருகிறார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் மரணமும் குறைவாக இருந்தது.

இது சராசரி கணக்கு. கொஞ்சம் ஏறுவது தோல்வி இல்லை. ஆனால் 5, 10 கிலோ ஏறியதும் வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமல் ஒளிந்துகொண்டால், அது முழுதாக ஏறும் வரை யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் போக வேண்டும்.

மத்திய மந்திரி நிதின் கட்காரி 2011-ல் மும்பையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். 2022-ல் மத்திய பிரதேச மாநிலம் உஜ்ஜைனில் நடந்த கூட்டத்தில், ‘நான் 135 கிலோ இருந்தேன், இப்போது 93 கிலோ’ என்று அவரே சொன்னார். 10 வருடம் தாண்டியும் எடையை கட்டிப்போட முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் மந்திரிக்கு நேரத்துக்கு சாப்பாடு எடுத்துவர ஆள் இருக்கும். நமக்கு? அதனால்தான் திட்டம் வேண்டும் என்கிறோம்.

2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி ஊசிகளைப் பற்றியும் இப்போது பேச்சு. அதற்கும் இதே கதைதான். ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும், எடை திரும்பும். ஊசி போட்டாலும் புரதமும் நடையும் இல்லாமல் முடியாது.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் வகுத்த விதியின்படி, வயது 18-க்கு மேல் இருக்க வேண்டும். டாக்டர் பரிந்துரை வேண்டும். உயரத்துக்கு எடை கணக்கான பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து, இதய நோய், கடுமையான தூக்க மூச்சு திணறல், கட்டுப்படாத சர்க்கரை மாதிரி நோய் இருக்க வேண்டும். 5 அடி 5 அங்குலம் உள்ளவருக்கு பி.எம்.ஐ. 35 என்பது 95 கிலோ. 40 என்பது 109 கிலோ. அழகுக்காக என்றால் பைசா கிடைக்காது. பாலிசி எடுத்த உடனேயும் கிடைக்காது.

முக்கியமான விஷயம், பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடும். மாதாமாதம் சத்து மாத்திரை, வருடாவருடம் ரத்தப் பரிசோதனை, முட்டை, மீன் எல்லாம் நம் பாக்கெட்தான்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்து போடும் முன் இந்த கேள்விகளை கேளுங்கள். பதில் சொல்ல தயங்குகிற இடத்தில் அவசரப்படாதீர்கள்.

1. எனக்கு ஸ்லீவா, பைபாஸா? ஏன்?

2. ஆபரேஷனுக்கு பிறகு மாதம் எவ்வளவு செலவு ஆகும்? எத்தனை வருடத்துக்கு?

3. உணவு நிபுணர் உங்களிடம் இருக்கிறாரா? முதல் வருடம் எத்தனை தடவை பார்க்கலாம்? அதற்கு தனி பில்லா?

4. என் வேலைக்கு எத்தனை நாளில் திரும்பலாம்?

5. ராத்திரி 2 மணிக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் யாருக்கு போன் போடுவது?

6. (பெண்கள்) எவ்வளவு நாள் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும்? பொதுவாக ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை என்பார்கள்.

ஆபரேஷன் 2 மணி நேரத்தில் முடிந்துவிடும். டாக்டர் தைத்து கொடுப்பது ஒரு சின்ன வயிறு. அதை வைத்துக்கொண்டு 30, 40 வருடம் டப்பா கட்டி, மென்று, நடந்து வாழப்போவது நாம்தான். ஆபரேஷனுக்கு காசு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள், அதற்கு பிறகு தினமும் சாப்பிட அரை மணி நேரம் இருக்கிறதா என்றும் ஒரு தடவை யோசித்துவிட்டு கிளம்புங்கள்!